அரண்மனைப் பட்டில் இரண்டு கத்திகள்

மூன்று நாளாக எங்கள் இஸ்திரிக் கடை மேசை காலியாகக் கிடந்தது.

ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் அந்த மேசையில் வேட்டியும் சட்டையும் என் கழுத்து உயரத்துக்கு ஏறி நிற்கும். அப்பா மதியச் சோற்றைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவார். இப்போது அதன்மேல் எதிர்வீட்டுப் பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது. அப்பா அதை விரட்டவில்லை. கரி போடாத இஸ்திரிப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதைக்குள் இப்போதுதான் வருகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பே தெரிந்தவர்கள் இன்னொரு தடவை என்னோடு சேர்ந்து கோபப்படலாம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய சிவப்புப் பட்டுத்துணி இருக்கிறது. ஜாகீர் அரண்மனைத் துணி. அப்பா குப்புராஜ் சொல்லும் கதைப்படி, ஒரு மழைக்காலத்தில் கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்து அரண்மனைத் துணிமூட்டையை அடித்துக்கொண்டு போனது. துணி வெளுத்துக்கொண்டிருந்த அப்பாவின் தாத்தா ஆற்றில் குதித்து மூட்டையை மீட்டார். ராஜாவே கரைக்கு இறங்கி வந்து அவர் தோளில் இந்தப் பட்டைப் போர்த்தினார்.

அந்தப் பட்டின் மூலையில் கறுப்பாக ஒரு குறி இருக்கும். ஒரு பிறை, மூன்று புள்ளிகள், அவற்றுக்குக் கீழே குறுக்கே போகும் இரண்டு கோடுகள்.

பட்டு வியாபாரி தனசேகரன், அவருடைய புதுக்கடைத் திறப்புவிழாவில் வைக்க வேண்டுமென்று இதை இரவல் கேட்டார். எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் பாதித் தறிகளுக்குப் பாவும் நூலும் கொடுத்து, நெய்த பட்டை வாங்குகிறவர். மூன்று தலைமுறையாக எங்கள் கையில் துணி போடும் வீடு. அப்பா பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். தோளில் போர்த்திக்கொண்டு தனசேகரன் எடுத்துக்கொண்ட படம் பத்திரிகையில் வந்தது. மூலையில் இருந்த குறி அவர் கடைச் சின்னமாகிவிட்டது. பிறை, மூன்று ரத்தினம், குறுக்கே இரண்டு கத்தி. அரச முத்திரையாம். ஐயாயிரம் பை அச்சடித்துவிட்டார்.

அப்பா திருப்பிக் கேட்டபோது வந்த பதில் இது: "இது எங்க பாட்டன் நெய்ஞ்ச பட்டு. ராஜா எங்க பாட்டனுக்குப் போத்துனது. வெளுக்கப் போட்ட எடத்துல உங்காளுங்க அமுக்கிட்டீங்க."

அமுக்கிட்டீங்க. அந்த ஒரு சொல் மூன்று நாளில் நான்கு தெருவைச் சுற்றி வந்துவிட்டது.

ஊரார் துணியை எண்ணாமல் தூக்கிக்கொண்டு போகிறவர் என் அப்பா. சட்டைப் பையில் கிடந்த தங்கத் தோட்டை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தவர். அந்தத் தொழிலில் திருட்டுப் பேர் விழுந்தால் அதற்குமேல் பேச எதுவும் இல்லை. கடையைச் சாத்த வேண்டியதுதான்.

இன்றைக்குப் பதினோரு மணிக்குத் தனசேகரன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நெசவாளர் சங்கச் செயலாளர் லோகநாதனும் இருப்பார். ஒரு தாள் தயாராக இருந்தது. 'இந்தப் பட்டு தனசேகரன் குடும்பத்தைச் சேர்ந்தது, என் முன்னோர் தவறுதலாக வைத்திருந்தார்கள், திருப்பி ஒப்படைக்கிறேன்.' அப்பா கையெழுத்துப் போட்டால் பேச்சு அதோடு முடியும். போடாவிட்டால் போலீஸ்.

"போட்டுட்றேன்" என்றார் அப்பா, பூனையைப் பார்த்து.

"என்னத்தப் போட்டுட்ற?"

"கையெழுத்து. தவறுதலான்னுதான எழுதிக்கீது. திருட்டுன்னா எழுதியிருக்காங்க?"

"தவறுதலா வெச்சிகினு இருந்தது யாரு? ராஜா போத்துனாரு, ராஜா போத்துனாருன்னு நீதான சொல்லிகினு இருந்த?"

"அது நெசந்தான் கலை."

"அப்போ எப்டிக் கையெழுத்துப் போடுவ?"

"நாலு வேட்டி வரட்டும் மொதல்ல. நெசம் எங்கியும் ஓடிடாது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் அடுத்தவர்களுக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன். என் அப்பா திருடன் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்க எனக்கு வழி தெரியவில்லை. அந்த எரிச்சலை நான் அப்பா மேலேயே கொட்டினேன்.

"ராஜா ஆத்தங்கரைக்கு எறங்கி வந்து உன் தாத்தாவுக்குப் போத்துனாராம்! வாசப்படியில கால் வெக்க வுட்டிருக்க மாட்டான். நீயும் அத்த நம்பிகினு, ஊரெல்லாம் சொல்லிகினு, இப்ப இவங்கிட்டயே தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கற!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். நடை என்னவோ போல் இருந்தது. சொன்னதைத் திரும்ப வாங்க முடிந்திருந்தால் அப்போதே வாங்கியிருப்பேன்.

"படிச்ச வாயி" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "நல்லா பேசற. உள்ள வா."

அம்மா ராஜம்மாள் சண்டை போடாதவள். சண்டை வந்தால் பாத்திரம் துலக்கப் போய்விடுவாள். இந்த மூன்று நாளில் எங்கள் வீட்டு அண்டாகூடப் பளபளத்தது. இன்றைக்கு அவள் துலக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து, கூறைப்புடவைக்கும் அடியில் கையை விட்டு ஒரு பாலித்தீன் பையை எடுத்தாள்.

பைக்குள் ஒரு பச்சைப் பாவாடை. சின்னப் பெண் பாவாடை. ஓரத்தில் சரிகை கறுத்திருந்தது.

"யாருதும்மா?"

"சுபலட்சுமியுது. தனசேகரன் தங்கச்சி. இப்ப கோயமுத்தூர்ல கீதே, அது."

"அது பாவாட நம்ம பொட்டியில எதுக்கு?"

அம்மா பாவாடையின் நாடாப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பாக ஒரு சுழி. அதற்குக் கீழே குறுக்கே போகும் இரண்டு கோடுகள்.

அதே கோடுகள். ஐயாயிரம் பையில் அச்சான அதே இரண்டு கத்திகள்.

"சேங்கொட்டைப் பால்ல வெக்கிற குறி இது" என்றாள் அம்மா. "எத்தினி தடவ வெளுத்தாலும் போவாது. வூட்டுக்கு ஒரு குறி. இந்தச் சுழி தனசேகரன் வூட்டுது. பிறையும் மூணு புள்ளியும் அரண்மனையுது. இல்லன்னா யார் துணி யார் வூட்டுக்குப் போவும்?"

"கீழ ரெண்டு கோடு?"

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே அந்தத் துணி அந்த வூட்டுக்குத் திரும்பாதுன்னு அர்த்தம். பொண்ணு வயசுக்கு வந்தா அன்னிக்கிக் கட்டியிருந்தத வண்ணாத்திக்குத்தான் குடுப்பாங்க. நாங்க மாத்துச் சேலை கொண்டும்போயி குடுத்துட்டு அத்த வாங்கிகினு வருவோம். தெரியாத்தனமா மத்தத் துணியோட கலந்து அந்த வூட்டுக்கே போயிடக் கூடாதுன்னு ரெண்டு கோடு போடறது. நானே போட்டிருக்கேன். இந்தப் பாவாடைக்குப் போட்டது நான்தான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ அரண்மனைப் பட்டு..."

"ஆமா. அரண்மனையில ஏதோ ஒரு பொண்ணு பெரியவளான அன்னிக்கிக் கட்டியிருந்தது. ராஜாவும் போத்தல, ஆத்துலயும் யாரும் குதிக்கல. நம்ம வூட்டுப் பொம்பளைக்கு வந்த மொற. யாரும் திருடவும் இல்ல."

யாரும் திருடவில்லை. அதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த நொடி இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"அம்மா. அவரு அத்தத் தோள்ல போட்டுகினு போட்டோ எடுத்துகினாரும்மா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தீட்டுத்துணிய! பேப்பர்லலாம் வந்துச்சிம்மா!"

"சத்தம் போடாத, அறைஞ்சிடுவேன்" என்றாள். ஆனால் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. இரண்டு பேரும் டிரங்குப் பெட்டி மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் கேட்டேன். "இத்தினி வருஷமா அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"அந்தத் தீட்டுத்துணி மூட்டைய ஆம்பளைங்க தொட மாட்டாங்க. அவுங்களுக்கு அந்தக் குறியே தெரியாது. கல்யாணமாயி வந்த மறுநாள் உங்கப்பா அந்தப் பட்ட எடுத்துக் காட்டி அந்தக் கதையச் சொன்னாரு. அப்ப அவரு மூஞ்சப் பாத்திருந்தா நீயும் சொல்லியிருக்க மாட்ட. அதுக்கு அப்பால என் மாமியார் தனியாக் கூப்ட்டு இதுதான் சங்கதின்னாங்க. அவுங்களே புள்ளைகிட்டச் சொல்லல. நான் எப்டிச் சொல்றது?"

"பொய்தானம்மா அது."

"தெருவுல போறவன் வர்றவன்லாம் டேய் குப்புன்றான். இருவது வயசுப் பையன் சொல்றான். உங்கப்பா திரும்பி மொறச்சிகூடப் பாத்ததில்ல. ராஜா நமக்குப் போத்துனாருன்னு உள்ளுக்குள்ள வெச்சிகினு நடந்துட்டாரு. அத்தயும் புடுங்கிகினா மனுசங்கிட்ட வேற இன்னா கீது?"

எனக்குப் பதில் இருந்தது. ராஜா போர்த்தாவிட்டாலும் என் அப்பா மனிதர்தான் என்பது. ஆனால் அது கல்லூரியில் சொல்லிக் கைதட்டு வாங்கும் பதில். அம்மாவிடம் செல்லாது.

"அவருக்குத் தெரியாமதான் இத்த முடிக்கணும்" என்றாள் அம்மா. பாவாடையைப் பழையபடி பைக்குள் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ வாயத் தெறக்காம வந்தா இட்டுகினு போறேன்."

தனசேகரன் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாகப் புதுப் பைகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பொன்னிறத்தில் பிறை, மூன்று ரத்தினம், இரண்டு கத்தி. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வாடா குப்பு" என்றார் தனசேகரன் சோபாவிலிருந்து. அவருக்கு ஐம்பது. என் அப்பாவுக்கு அறுபது.

அப்பா வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்றார். அதுதான் அவர் எல்லை. எங்கள் தாத்தாவுக்கும் அதுதான் எல்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். லோகநாதன் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"லோகு, நீயே பாரு" என்று தனசேகரன் ஒரு பையை எடுத்து விரித்தார். "பிறை. கல்லு. கீழ கத்தி. இது ராஜ முத்திரையா இல்லியா? வெளுக்கறவனுக்கு ராஜா எதுக்குய்யா முத்திரை குத்திக் குடுக்கணும்? நெய்ஞ்சவனுக்குத்தான குடுப்பாரு?"

"நாயமாத்தான் படுது" என்றார் லோகநாதன். "ஏம்ப்பா குப்புராஜ், உங்கிட்ட ஏதாச்சும் ஆதாரம் கீதா?"

"ஆத்துல வெள்ளம் வந்தப்போ..." என்று அப்பா ஆரம்பித்தார். குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. காலையில் நான் சொன்னதுதான் அவரை நிறுத்தியது என்று எனக்குத் தெரிந்தது.

"வெள்ளம்! தெனம் ஒரு வெள்ளம் வுடுவான்!" தனசேகரன் சிரித்தார். "போட்றா கையெழுத்த. ஜல்தி ஆவட்டும், எனக்குப் பந்தல்காரன் காத்துகினு இருக்கான்."

நான் எழுந்தேன். அம்மாவின் விரல் என் இடுப்புச் சதையைத் திருகியது. மறுபடி உட்கார்ந்தேன்.

"அம்மாவப் பாக்கணும்" என்றாள் அம்மா.

"எங்கம்மாவுக்கு இதுல இன்னா வேல?"

"பொம்பளைங்க சமாச்சாரம்."

அவர் அலட்சியமாக உள்ளே கையைக் காட்டினார். அப்பா புரியாமல் எங்களைப் பார்த்தார். நாங்கள் பக்கவாட்டு நடை வழியாகக் கொல்லைப்பக்கம் போனோம். கூடத்தைக் கடந்து போக எங்களுக்கு வழக்கம் இல்லை.

தனசேகரனின் அம்மா தெய்வநாயகி துணிக்கொடிக்குக் கீழே முறுக்குக்கு உளுந்து வறுத்துக்கொண்டிருந்தார். கடைத் திறப்புக்குப் பலகாரம்.

"இன்னாடி ராஜம்மா, முன்பக்கம் பஞ்சாயத்து, நீ இங்க வந்து நிக்கற? எம்புள்ள புடிச்ச புடி வுட மாட்டான். எங்கிட்டச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல."

அம்மா பதில் பேசாமல் பாவாடையை எடுத்து விரித்தாள்.

தெய்வநாயகி கரண்டியைக் கீழே வைத்தார். "ஐயோ. எம்பொண்ணு பாவாடடி! வெங்கடேசன் கடையில எடுத்தது. அன்னிக்கி நீதான மாத்து கொண்டாந்த? புதுசா கல்யாணமாயி வந்திருந்த அப்போ."

"நான்தாம்மா. எடுத்துகினு போயி குறி போட்டதும் நான்தான். பாருங்க."

அந்த அம்மாள் குறியைப் பார்த்தார். பிறகு கொடியில் மாட்டியிருந்த புதுப் பையைப் பார்த்தார். மறுபடி குறியைப் பார்த்தார். நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. எழுபது வயது முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிவது தெரிந்தது.

"ராஜம்மா" என்றார் மெதுவாக. "அந்தச் செவப்புப் பட்டு..."

"அதுவும் இதே மாதிரிதாம்மா. அரண்மனை வூட்டுது."

"தோள்ல போட்டுகினானேடி."

"ஆமாம்மா."

"தோள் போவுது வுடுடி. சாமி ரூம்ல விரிச்சி, அது மேல விநாயகர வெச்சி, மூணு வேளையும் கற்பூரம் காட்டிகினு இருக்கான்டி!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.  உளுந்து தீயும் வாசனை வந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

"இன்னா பேஜாராப் போச்சி" என்று அந்த அம்மாள் தலையில் கை வைத்தார். "இரு. அவனக் கூப்புட்றேன்."

"அம்மா, ஒண்ணு" என்றாள் என் அம்மா. "எங்க வூட்டுக்காரருக்குத் தெரிய வேணாம். அவரு ராஜா போத்துனதுன்னே நெனச்சிகினு இருக்கட்டும். காலம் போயிடுச்சி."

 "எனக்கு மட்டும் தெருவுக்குத் தெரியணுமாடி?" என்றார் தெய்வநாயகி.

இப்படி மூடி மறைப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அந்த ஐயாயிரம் பையையும் வாசலில் கொட்டி, இது என்ன குறி தெரியுமா என்று நான்கு தெருவுக்கும் கேட்க வேண்டும் போல் இருந்தது. மூன்று நாளாக நான் ஒத்திகை பார்த்த சண்டை. ஆனால் அதே கூடத்தில், வாசல் நிலைக்குப் பக்கத்தில், என் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்.

விழுங்கிக்கொண்டேன். கசந்தது.

"சேகரு! உள்ள வாடா!" என்று தெய்வநாயகி கூப்பிட்டார்.

நாங்கள் திரும்பிவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றோம். கொல்லைப்பக்கமிருந்து முதலில் முணுமுணுப்பு வந்தது.  அப்புறம் தனசேகரனின் குரல், "அய்யய்யே!" என்று ஒரே ஒரு தடவை. உடனே குளியலறைக் கதவு அறைந்து சாத்தியது. தண்ணீர் விழும் சத்தம். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, நிற்கவே இல்லை.

"இந்நேரத்துல யாரு குளிக்கறது?" என்றார் லோகநாதன்.

"கடத் தெறப்புக்கு வெரதம் இருப்பாரு" என்றார் அப்பா மரியாதையாக.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஈரத் தலையோடு வந்த தனசேகரன் முதலில் என்னைத்தான் தேடினார். நடைப் பக்கம் வரும்படி கண்ணைக் காட்டினார். போனேன்.

"பாப்பா, வெளிய சொல்லிடாத. பையெல்லாம் அடிச்சாச்சி. போர்டு எழுதியாச்சி. நாளன்னிக்கித் தெறப்பு."

"திருடலன்னு எழுதிக் குடுங்க. லோகநாதன் சாரும் கையெழுத்துப் போடணும்."

"குடுத்துட்றேன்."

"இன்னொண்ணு. எங்கப்பா உங்களவிடப் பத்து வயசு பெரியவரு. இனிமே வாடா போடா கிடையாது. வாங்க, போங்க. பேரு குப்புராஜ். முழுசாச் சொல்லணும்."

அவர் முகம் சிவந்தது. என்னை அடிக்க ஒரு நொடி நினைத்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் சுவரோரப் பைகளை ஒரு தடவை பார்த்தேன். அவரும் பார்த்தார்.

கூடத்துக்கு வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"லோகு, தப்பு எம்மேல. வெசாரிச்சிட்டேன். துணி அவங்களுதுதான். யாரும் திருடல."

"இன்னாய்யா, இப்பதான முத்திரை கித்திரைன்ன?"

"வுடுய்யா. அவங்களுதுதான்றேன்ல." அதே தாளைத் திருப்பிப் போட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதினார். லோகநாதன் கையெழுத்துப் போட்டார். பிறகு தனசேகரன் வாசல் பக்கம் திரும்பினார்.

"உள்ள... உள்ள வாங்க குப்புராஜ்."

அப்பா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரோ குப்புராஜ் வந்து நிற்கிறார் என்று நினைத்துவிட்டார்.



"உங்களத்தாங்க" என்றார் தனசேகரன். "சாமி ரூம்ல இருக்குது. நீங்களே போயி எடுத்துக்குங்க."

அந்த வீட்டின் பூஜையறை. மூன்று தலைமுறையாக அங்கே விரிக்கும் வேட்டியை வெளுத்தோம். வாசலோடு சரி, அதன் கதவைக்கூடப் பார்த்ததில்லை. அப்பா செருப்பை ஏற்கெனவே தெருவிலேயே விட்டிருந்தார். இப்போது காலையும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி உள்ளே போனார். விநாயகரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பட்டை மடித்தார். கும்பிட்டார். தனசேகரன் நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தொட அருவருத்துத்தான் நீயே எடு என்கிறார். எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அப்பாவுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அவமானம் ஆயிரம் தடவை வந்தது, ஒரு தடவை மரியாதை மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தால் குடிமுழுகிவிடாது.

மூன்று மணிக்குள் மேசை நிறைந்துவிட்டது. லோகநாதன் வீட்டு மூட்டைதான் முதலில் வந்தது. பூனை இடம் மாறியது. பெட்டியில் கரி கனன்றது. அப்பா நின்றுகொண்டே சாப்பிட்டார். துணி கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் ஆறு, வெள்ளம், ராஜா எல்லாம் வந்தன. தனசேகரன் 'வாங்க' என்றதும் சேர்ந்து ஒரு புது அத்தியாயம் ஆகியிருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. ஒரு தடவைகூட. காலையில் பேசியதற்கு அதுதான் என் மன்னிப்பு.

அம்மா வெங்காயம் போட்டுக் காரக்குழம்பு வைத்திருந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு எனக்கு ருசி தெரிந்தது.

ஐந்து மணிக்கு அன்பரசு வந்தான். உள்ளூர்ச் செய்தியாளன். தனசேகரன் பட்டைப் போர்த்திய படம் எடுத்தவனும் அவன்தான்.

"லோகநாதன் அண்ணன் சொன்னாரு. பட்டு உங்களுதாமே? மறுப்புச் செய்தி போட்ருவோம். குடும்பத்தோட ஒரு படம். யாராச்சும் அத்தப் போத்திகினு நின்னா நல்லாருக்கும்."

அப்பா கை கழுவிவிட்டுப் பட்டை எடுத்துவந்தார். விரித்தார். சாயங்கால வெயிலில் சிவப்பு இன்னும் மங்காமல் இருந்தது. நெய்தது தனசேகரன் பாட்டனாகவே இருக்கட்டும், கெட்டிக்காரர்தான்.

"எம்பொண்ணு போத்திகினு நிக்கட்டும்" என்றார் அப்பா. "எங்க வம்சத்துலயே மொத பட்டதாரி."

"அவ போடக் கூடாது."

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்திருந்தாள். கையில் கரண்டி. யோசிக்காமல் வாயிலிருந்து விழுந்துவிட்ட சொல் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"ஏன் கூடாது?" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பட்டைப் பார்த்தேன்.

அரண்மனையில் ஒரு பெண். பன்னிரண்டு வயது இருக்குமா? அன்றைக்கு அவள் உடுத்தியிருந்ததைத் தொட அத்தனை பெரிய வீட்டில் ஒரு ஆள் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி போய்த் தொட்டாள். அப்பா சொல்லும் கதையில் ராஜா இருக்கிறார், ஆறு இருக்கிறது, மூட்டைகூட இருக்கிறது. இந்த இரண்டு பேரும் இல்லை. தீட்டாம். எவன் வைத்த தீட்டு?

அப்பாவின் கையிலிருந்து பட்டை வாங்கித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். மூலையில் இருந்த குறி முன்னால் தெரியும்படி இழுத்துவிட்டேன்.

"கலை, வேணாம்டி" என்றாள் அம்மா மெதுவாக.

அன்பரசு கேமராவைத் தூக்கினான். "அண்ணே, நீங்களும் பக்கத்துல வாங்க. இங்க பாருங்க."

அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகப் பார்த்த முகம்.

"உங்கிட்டத்தான் கேக்கறேன் ராஜம்மா" என்றார். "ஏன் கூடாது?"